பதினாறாம் வாய்ப்பாடு

பொதுப் பாதுகாப்புச் சட்டப்படி நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டினால் எல்லார் கையிலும் கட்டியிருக்கிற பட்டை அலறும். இரண்டே நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்து ஆளை அள்ளிக்கொண்டு போய்விடும். போன ஆவணியில் கோமதிநாயகத்தின் அண்ணனைத் தாலியின் முதல் முடிச்சோடு தூக்கிப் போனார்கள். மிச்ச முடிச்சை வார்டில்தான் போட்டார்.

அதனால் கோமதிநாயகம் தன் கல்யாணத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தாலி கட்டினான். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது, அவன் பட்டையில் எழுபத்தெட்டு! இரண்டு முடிச்சு அவன் போட்டான், மூன்றாவதை அக்கா போட்டாள்.

"ஜெயிச்சுட்டடா தம்பி!" என்றாள்.

மணப்பெண் செண்பகவல்லி அவன் பட்டையை எட்டிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"என்னைக் கட்டுறதுக்கு எழுபத்தெட்டுதானா? பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுக்கே தொண்ணூறு அடிக்குமே!"

"ஐயோ, வாய்ப்பாடு சொல்லி அடக்கி வச்சிருக்கேன்!"

"சொல்லாம என்னைப் பாருங்க, பாப்போம்."

பார்த்தான். நூற்றுப்பத்து, நூற்று நாற்பது, நூற்றறுபது! பட்டை அலறியது. நாதஸ்வரக்காரர் அந்தச் சுருதியையே பிடித்துக்கொண்டு வாசித்தார். சீருடைக்காரர்கள் மாப்பிள்ளையை மாலையோடு ஸ்ட்ரெச்சரில் போட்டு ஓட, மண்டபமே கைதட்டியது.

வண்டிக் கதவைச் சாத்தப்போகும்போது இன்னொரு பட்டை அலறியது. கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செண்பகவல்லி ஓடிவந்து நின்றாள்.

"ஒரு ஸ்ட்ரெச்சர்தாம்மா இருக்கு" என்று கையைப் பிசைந்தார் டிரைவர்.

அவள் ஏறிவிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளிப் படுங்க."