பதினோரு நிமிட வெயில்

நவம்பரில் தெற்கு மலைக்குப் பின்னால் போய் மாதக்கணக்கில் மறைந்திருந்த சூரியன் இன்று எங்கள் ஊருக்குத் திரும்புகிறது. சந்தைச் சதுக்கத்தில் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நிற்கிறார்கள். முதலில் தேவாலயக் கோபுரத்தில் காற்றின் திசை காட்டும் தகரச் சேவல் மின்னுகிறது. பிறகு கூரைப் பனி சொட்டத் தொடங்குகிறது, மாடிச் சன்னல்கள் மஞ்சளாகின்றன. நான் பேக்கரிக் கதவின் நிழலுக்குள், சூரியனுக்காகச் சுட்ட வட்ட ரொட்டிகளின் தட்டோடு ஒதுங்கி நிற்கிறேன். என் பழைய வகுப்பு முழுவதும் நீரூற்றைச் சுற்றி நிற்கிறது. மியூனிக்கில் விடுதியில் தங்கிப் படிக்கப் போவதாக அவர்களிடம் சொல்லித்தான் பள்ளியை விட்டேன். அன்றிலிருந்து இந்த பேக்கரியின் பின்கட்டில் மாவு பிசைகிறேன்.

“லீஸ்ல், அங்க என்னடி பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்க? சூரியனே வந்துட்டாரு, ரொட்டி இன்னும் வரல!” என்று முதலாளியம்மா வால்பூர்கா கத்துகிறாள். கூட்டம் சிரித்துக்கொண்டே வழி விடுகிறது.

வெளிச்சத்துக்குள் நடக்கிறேன். ஏப்ரனில் மாவு, நகங்களுக்குள் மாவு, எல்லாம் தெரிகிறது. முன்பு என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த ரோஸ்வித்தா ஒரு ரொட்டியை எடுக்கிறாள். ஏப்ரனில் தைத்திருக்கும் கடையின் பெயரில் அவள் கண் ஒரு கணம் நிற்கிறது.

“இவ மியூனிக்ல இல்ல படிக்கிறா?” என்கிறாள் பின்னால் ஒருத்தி.

ரோஸ்வித்தா திரும்பாமலே முந்திக்கொள்கிறாள். “லீவுல வந்திருக்கா. இல்லடி?”

“ஆமா,” என்கிறேன்.

அவள் என் கைகளைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்க்கிறாள். வெயில் முகத்தில் சுடுகிறது. இன்று பதினோரு நிமிடம்தான் இருக்கும். அது சீக்கிரம் மலைக்குப் பின்னால் போகட்டும் என்று இந்தச் சதுக்கத்தில் காத்திருப்பவள் நான் ஒருத்திதான்.