காக்கைக்கு மட்டும் விலக்கு

அந்த வீட்டுச் சமையலறையில் இருந்த பேசும் குப்பைத்தொட்டி, வீணாக்கும் சோற்றை வாங்காது. மீறிக் கொட்டினால், கொட்டியவர் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி கத்தும். காக்கைக்கு வைப்பதை மட்டும் கண்டுகொள்ளாது.

கணவர் தில்லைநாயகம் பாகற்காய் சேமியா கிண்டி இறக்கியதுமே, அந்த வாசனையில் மங்கையர்க்கரசிக்குப் பக்தி வந்துவிட்டது.

“இன்னைக்கு அமாவாசைங்க. காக்காய்க்கு வைக்காம ருசிகூடப் பார்க்கக் கூடாது” என்று சட்டியில் முக்கால்வாசியை வாழையிலையில் அள்ளி, பால்கனிச் சுவரில் வைத்துக் கூப்பிட்டாள்.

காக்கை ஒன்று வந்தது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. தொடாமலே பறந்துவிட்டது.

“காக்கைக்கு வேண்டாமாம். அடுத்து யார் சாப்பிடுகிறீர்கள்?” என்று உள்ளேயிருந்து தொட்டி தொண்டையைச் செருமியது.

தில்லைநாயகத்தின் முகம் தொங்கிப்போனது. “எங்கம்மாதான் காக்காயா வர்றாங்கன்னு சொல்லுவியே. அம்மாவுக்கே பிடிக்கலையா?”

“சேச்சே! பிள்ளை பசியோட நிக்கிறப்ப அத்தைக்கு எப்படி இறங்கும்? உங்களுக்குன்னு விட்டுட்டுப் போயிருக்காங்க” என்று இலையை அப்படியே அவர் கையில் கொடுத்தாள் மங்கை.

உருகிப்போய் ஒரு வாய் அள்ளிப் போட்டார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

பிறகு இலையோடு பால்கனிக்கு ஓடி, அவளைவிடச் சத்தமாகக் கூப்பிட்டார்.

“கா... கா... எம்மா, ஒரு வாயாவது சாப்பிட்டுட்டுப் போம்மா!”