ஒன்பது நிமிடம்

பொதுத் தொலைக்காட்சி நிலையத்தின் எடிட்டிங் அறையில் ஃபோல்க்மார் கத்தரியை எடுத்ததும், ரோஸ்வித்தா ஃபிலிம் சுருளின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கையை எடுங்க ரோஸ்வித்தா. ஒரு பொம்பளை டப்பாவுக்கு மூடி அடிக்கறதை ஒன்பது நிமிஷம் எவன் பார்ப்பான்? பேச்சும் இல்லை, மியூசிக்கும் இல்லை. டிவி கெட்டுப்போச்சுன்னு பெட்டி மண்டையில தட்டுவான்."

"தட்டட்டும்."

"ஒரு நிமிஷம் போதும். மிச்சத்தை வெட்டிடலாம்."

"அவ இருபது வருஷமா அந்த மெஷின் முன்னால நிக்கறா. ஜெர்மனி ஒன்பது நிமிஷம் சோபாவுல உக்காந்து பார்த்தா தேய்ஞ்சா போயிடும்?"

"போன தடவை புகார்க் கடிதம் மூட்டை மூட்டையா வந்ததே, மறந்துட்டீங்களா? நாளைக்கு இது இப்படியே ஒளிபரப்பானா அதோட சரி. அடுத்த படம் கிடைக்காது, சொல்லிட்டேன்!"

"அதை அப்போ பார்த்துக்கலாம். ஒரு அடி ஃபிலிம்கூட வெட்ட விடமாட்டேன்."

ஃபோல்க்மார் கத்தரியை மேஜைமேல் எறிந்தான்.

"இது என்ன அநியாயம்! வெட்டு வெட்டுன்னு உயிரை எடுக்கவேண்டிய நிலைய அதிகாரி நீங்க. படம் எடுத்த டைரக்டர் நான். நானே வெட்டறேங்கறேன், உங்களுக்கு என்ன வந்தது?"

"என்ன வந்ததா? மேலிடத்துல இப்பத்தான் சண்டை போட்டுட்டு வர்றேன். டைரக்டர் மகா பிடிவாதக்காரர், கத்தரி வெச்சா படத்தையே தூக்கிட்டுப் போயிடுவார்னு சொல்லியிருக்கேன்."

ரோஸ்வித்தா கத்தரியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு வரைக்குமாவது பிடிவாதமா இருங்க!"