ஆள் அனுப்புகிறோம்

“பந்து பட்டு உடைஞ்சுதுன்னு சொல்றீங்க. சரி, பந்து எங்கம்மா?”

கண்ணாடிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அனுப்பிய ஆள் அவர். உடைந்த ஜன்னலைத் தற்காலிகமாகப் பலகை வைத்து அடைக்க வேண்டும். எப்படி உடைந்தது என்று பார்த்து ஆபீசுக்குப் போனில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை வைத்துத்தான் புதுக் கண்ணாடி கிடைப்பதும் கிடைக்காததும்.

“பசங்க எடுத்துட்டு ஓடிட்டாங்க போல,” என்றார் வீட்டுக்கார அம்மா. அறுபதைத் தாண்டியவர். வீட்டில் வேறு யாரும் இல்லை.

“மூணாவது மாடிக்கு ஏறி வந்து எடுத்துட்டுப் போனாங்களா?”

“டீ போடறேன், உக்காருங்க தம்பி,” என்று அம்மா உள்ளே போய்விட்டார்.

கண்ணாடிக்காரருக்கு எரிச்சலாக வந்தது. நேற்றடித்த காற்றில் ஊரில் பாதி ஜன்னல் போயிருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ‘எப்போ வர்றீங்க’ என்று உயிரை எடுக்கிறார்கள். அத்தனை பேரையும் காக்க வைத்துவிட்டு, வயசான அம்மா தனியாக இருக்கிறார் என்று ஆபீஸ் பெண் கெஞ்சியதால்தான் முதலில் இங்கே ஓடிவந்தார்.

கையுறையை மாட்டிக்கொண்டு, சட்டத்தில் தொங்கிய துண்டுகளைக் குறட்டால் பிடுங்கினார். எட்டிப் பார்த்தார். சில்லுகள் எல்லாம் வெளியே, கீழ்வீட்டு ஜன்னலுக்கு மேல் வெயில் மறைக்க நீட்டியிருந்த சிறு கூரையில் கிடந்தன. வீட்டுக்குள் ஒரு பொட்டுக்கூட இல்லை. உள்ளே இருந்து அடித்தால்தான் இப்படி விழும். பழசை உடைத்துவிட்டுப் புதுசு கேட்கிறவர்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்தவர். இந்த அம்மாவும் அந்தக் கூட்டம்தானா?

அம்மா டீ கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்ததுமே கண்ணாடிக்காரரின் முகம் அஷ்டகோணலானது. சர்க்கரைக்குப் பதில் உப்பு. ஆசையோடு எதிரில் நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவைத்தார்.

“பலகையை இப்பவே மாட்டிடுவீங்களா?”

“பின்னே? அதுக்குத்தானே வந்தேன்.”

“நிதானமாப் பண்ணுங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

அளவெடுத்தார், அறுத்தார். அம்மா பக்கத்திலேயே நின்றார். மகன் வெளிநாட்டில் இருப்பதையும், கீழ்வீட்டார் காலி செய்துகொண்டு போனதையும், வாய் ஓயாமல் சொன்னார். அவர் ‘உம்’ கொட்டாவிட்டாலும் நிறுத்தவில்லை. பேசிப் பேசித் தொண்டை கரகரத்தது. பல நாள் பேசாத தொண்டை.

கடைசித் திருகாணியை முடுக்கியதும் அறை இருட்டாகிப்போனது.

“இது தாங்குமா? நாளைக்கு ஒரு தடவை வந்து பாப்பீங்களா?”

“பலகையை வந்து பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு?” என்றவர், அம்மாவின் முகம் சட்டென்று வாடியதைப் பார்த்துவிட்டார். அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

போனைக் கையில் எடுத்தார். “தெரியாம உடைஞ்சா புதுசு குடுப்பாங்க. வேணும்னே உடைச்சா குடுக்க மாட்டாங்க. காத்துல அடிச்சு உடைஞ்சுதுன்னு சொல்லிடறேன். போதுமாம்மா?”

“வேண்டாம் தம்பி. எனக்காக நீங்க பொய் சொல்லாதீங்க.” அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “சுத்தியால நான்தான் உடைச்சேன். கீழ யாருமில்லன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். புதுசு நானே போட்டுக்கறேன்.”

“புதுசு நீங்களே போட்டுக்கறதுன்னா எதுக்கும்மா ஆபீசுக்குப் போன் பண்ணீங்க?”

“நான் எங்க ஆபீசுக்குப் பண்ணினேன்? மகனுக்குத்தான் பண்ணினேன். வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தப்போ, அவன் நம்பருக்குக் கீழயே உங்க ஆபீஸ் நம்பரையும் போட்டுக் குடுத்திருந்தான். மாத்தி அமுக்கிட்டேன் போல. ‘கண்ணாடி உடைஞ்சு போச்சுப்பா’ன்னேன். எடுத்தது ஒரு பொண்ணு. ‘ஐயோ, அடி ஏதும் பட்டுச்சாம்மா? தனியாவா இருக்கீங்க? பயப்படாதீங்க, ஜன்னலை அடைக்க இப்பவே ஆள் அனுப்புறோம்’னு சொல்லிச்சு. என்னை யாரும் அப்படிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?”

“அப்ப ஜன்னல்…?”

அம்மா அலமாரியைத் தடவித் தடவி எதையோ எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கக் கம்பி ஒடிந்து, இரண்டு பக்கமும் நொறுங்கிப்போன மூக்குக் கண்ணாடி.

“உடைஞ்சது இதுதான் தம்பி. உங்களுக்கு இங்க வேலை இல்லன்னா வாசலோட திரும்பிப் போயிடுவீங்களே… அதனாலதான் அந்தப் பொண்ணு போனை வெச்சப்புறம், போய் ஜன்னலை உடைச்சேன்.”