இக்னாசியா மறைத்தது

மகள் யாமிலேயின் குரல் தடித்து, மாதவிலக்கும் நின்று ஒரு வருடமாகிவிட்டது. "வெறும் சளிடி, தேன் குடி" என்றே இக்னாசியா நாளைக் கடத்தினாள். பெண் வயிற்றுவலியில் மயங்கி விழுந்த பிறகுதான் மரகைபோ நகர ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"சினைப்பையில அபூர்வமான புற்றுநோய்க் கட்டிம்மா. ஆம்பளை ஹார்மோன் சுரக்குது, அதான் குரல் மாறிடுச்சு. ஏன் இவ்வளவு நாள் கூட்டிட்டு வரல?" என்றார் டாக்டர்.

இக்னாசியா மயங்கிக் கிடந்த மகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். "உயிருக்குப் பயமில்லை. ஆனா பழைய குரல் திரும்பாது" என்றார் டாக்டர்.

யாமிலே கண் விழித்தாள். "எதுக்கும்மா அழுற? நான்தான் பிழைச்சுட்டேன்ல!"

மூன்றாண்டுக்கு முன் ஏரியில் மூழ்கிப்போன இக்னாசியாவின் கணவனுடைய அதே குரல். அதைக் கேட்டுக்கொண்டிருக்கத்தான் அவள் மகளை டாக்டரிடம் காட்டாமல் வீட்டிலேயே வைத்திருந்தாள்.