ஓட்ஸ் டப்பாவில் கேப்டன்

கொலைகாரனுக்கு விலங்கு பூட்டியாயிற்று.

விலங்கு என்பது, வானொலி நாடகத்துக்கு ஓசை கொடுக்கும் காஸிமிர் மைக்குக்கு முன்னால் குலுக்கிய பழைய சாவிக்கொத்து. கொலைகாரன், பக்கத்து மைக்கில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற ஓர் ஒல்லிப்பிச்சான்.

ஆனால் சிகாகோவிலிருந்து அமெரிக்காவின் இரண்டு பக்கக் கடற்கரை வரைக்கும், ரேடியோ பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கு இப்போதுதான் மூச்சு வந்திருக்கும். கேப்டன் டாரன்ஸ் இந்த வாரமும் ஜெயித்துவிட்டார்.

கேப்டனாக நடிக்கும் மெல்வின் ஹார்க்கோர்ட் கண்ணை மூடி அந்த வெற்றியை ஏற்றுக்கொண்டார்.

அவருடைய துப்பாக்கி, காஸிமிர் தோல் திண்டில் அடிக்கும் பிரம்பு. அவருடைய வீரநடை, காஸிமிர் பலகையில் தட்டும் ஒரு ஜோடி பூட்ஸ். இருந்தாலும் நான்கு வருடத்தில் தான் ஒரு போலீஸ் அதிகாரிதான் என்ற முடிவுக்கு மெல்வின் வந்திருந்தார். கேன்டீனில் யாராவது 'மிஸ்டர் ஹார்க்கோர்ட்' என்றால் காது கேட்காது. 'கேப்டன்' என்றால் கேட்கும்.

மேசை மேல் விளம்பரதாரரின் ஓட்ஸ் டப்பா இருந்தது. மூடியைக் கத்தரித்து அனுப்பினால் குழந்தைகளுக்குத் தகர பேட்ஜ் இலவசம். டப்பாவின் முன்பக்கம் கேப்டனின் வண்ணப்படம். படம் போட வந்த ஓவியர் மெல்வினை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார், பெருமூச்சு விட்டார், வீட்டுக்குப் போய் மனதில் பட்டதை வரைந்து அனுப்பினார்.

இனி ஒரு நிமிட வேலைதான் பாக்கி. நாடகம் முடிந்ததும், போலீஸ் நிஜமாகவே தேடும் ஓர் ஆளின் அங்க அடையாளங்களைக் கேப்டன் தன் வாயால் அறிவிப்பார்.

அந்த அடையாளங்கள் அடங்கிய உறையைக் கொண்டுவருபவர் சார்ஜென்ட் டூலன். கொடுத்துவிட்டுக் கீழே தொலைபேசி அறைக்குப் போய், நேயர்கள் துப்பு கொடுப்பதற்காகக் காத்திருப்பார். நாடகத்தை அவர் கேட்பதே இல்லை. "பகலெல்லாம் திருடனோட மாரடிக்கிறேன். சாயங்காலமுமா?" என்பார்.

முன்கூட்டிப் படித்துப் பார்ப்பது மெல்வினுக்குக் கௌரவக் குறைச்சல். வழக்கம்போல மைக்குக்கு முன்னால்தான் உறையைப் பிரித்தார்.

தேடப்படுபவர்: ஓட்டிஸ் ப்ளம்.

அது மெல்வினுக்கு அவருடைய அப்பா வைத்த பெயர்.

டொலீடோ நகரத்தில் தேவாலயத்துக்கு மணி வாங்கித் தருவதாக ஊரெல்லாம் உருகி உருகிப் பேசி வசூலித்துவிட்டு, மறுநாளே ரயிலேறிய ஓட்டிஸ் ப்ளம். மெல்வின் ஹார்க்கோர்ட் பிறந்தது அந்த ரயிலில்தான்.

வாங்காத மணி இப்போது அவர் காதுக்குள் அடித்தது.

பெயருக்குக் கீழே அங்க அடையாளங்கள்: குள்ளம். தொந்தி. தலையில் ஒட்டுமுடி. முன்பற்கள் கட்டியவை. வாத்து நடை. குரல் கம்பீரமானது.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் விரலைச் சுழற்றினார்: பேசு, பேசு. வானொலியில் கொலையைக்கூட மன்னிப்பார்கள், மௌனத்தை மன்னிக்க மாட்டார்கள்.

வாய் தானாகத் திறந்தது.

"பெயர் தெரியாத ஆசாமி. நல்ல உயரம்..."

குள்ளத்தைத் திருப்பிப் போட்டாயிற்று. மற்றதையும் திருப்பிப் போட வேண்டியதுதான்.

"தட்டையான வயிறு. அடர்ந்த கறுத்த முடி. வரிசையான பற்கள்."

பயத்தில் அலைந்த கண் எதன் மேலோ போய்க் குத்திட்டு நின்றது. அதற்கப்புறம் வார்த்தைகள் தயாராக வந்தன.

"தாடையில் ஒரு பள்ளம். இடது புருவம் சற்றே மேலேறியிருக்கும்."

கடைசி வரியை மட்டும் மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

"குரல் கம்பீரமானது."

இசை எழுந்தது. விளக்கு அணைந்தது. மெல்வின் காகிதத்தை நாலாக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். தப்பித்தாயிற்று.

"என்ன கேப்டன், பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் காஸிமிர். "மாட்டிக்கிட்டவன் கொலைகாரன். வேர்வை உங்களுக்கா?"

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு டூலன் வந்தார். கையில் அறிவிப்பின் நகல். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"கீழ ஃபோனெல்லாம் அலறுது கேப்டன்! அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும் எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொல்றாங்க."

எங்கோ ஓர் அப்பாவி நெட்டையனுக்காக மெல்வின் அரை நொடி இரக்கப்பட்டார். "யாராம்?"

"நீங்கதான்! ஓட்ஸ் டப்பாவுல இருக்கிற அதே புருவம், அதே தாடை, இது கேப்டன் டாரன்ஸேதான்னு ஒரு அம்மா சத்தியம் பண்றாங்க!"

மெல்வின் மேசையைப் பார்த்தார். டப்பாவில் இடது புருவம் சற்றே மேலேறியிருந்தது.

காஸிமிர் வாய்விட்டுச் சிரித்தார். டூலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகலை விரித்தார்.

"நான் சொல்லிட்டேன். தாயே, கேப்டனையா சந்தேகப்படறீங்க? நாங்க தேடற ஆளு நெட்டையே இல்ல. அவன் குள்ளம், தொந்தி, தலையில ஒட்டுமுடி, முன்பல்லு கட்டின..."

வாசிப்பு அங்கே நின்றது. அடுத்து இருந்த 'வாத்து நடை'யிலிருந்து அவர் கண் மெதுவாக மேலே வந்தது. சிரிப்பு மட்டும் கிளம்பத் தெரியாமல் உதட்டில் மிச்சமிருந்தது.

அந்த மௌனத்தை நிரப்ப எந்த இசையும் எழவில்லை.

"கேப்டன்," என்றார் டூலன், ரொம்பத் தணிவாக. "அந்தக் கதவு வரைக்கும் கொஞ்சம் நடங்க, பாப்போம்."

காஸிமிரின் கை பழக்கத்தில் பூட்ஸை எடுக்கப் போய், பாதியில் நின்றது.