நடுங்காத கை

பூவரசன் தன் மகளின் சட்டைக் காலரில் கழன்றிருந்த பொத்தானை முதல் தடவையிலேயே போட்டுவிட்டான்.

பள்ளி வேனின் கதவருகே நின்றிருந்த கவிதா கணவனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை தடுமாறவேயில்லை.

வழக்கமாக இந்நேரம் அவள் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போயிருப்பாள். இன்று வேலையில்லை என்பதால் மகளை வேன் ஏற்றிவிட வந்திருந்தாள்.

அவன் குடியை விட்டு ஒரு மாதம் ஆகப்போகிறது. முதல் சில நாட்கள் வாந்தியும் வியர்வையுமாய்க் கிடந்தான். பிறகு எழுந்து வேலைக்குப் போனான். சாயங்காலம் வாடையில்லாமல் வீடு திரும்பினான். கைநடுக்கம் மட்டும் போகவில்லை. அதுவும் நின்றுவிட வேண்டும் என்று பௌர்ணமியன்று திருவக்கரைக்குப் போய் அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

இப்போது நின்றிருந்தது.

ஆனால் விடிகாலையில், முதலாளி ஜெகதீசனின் ஷெட்டிலிருந்து வேனை எடுத்துவர அவன் கிளம்பியபோது, அவன் சட்டைக்கு அவள்தான் பொத்தான் போட்டுவிட்டாள். அவனால் முடியவில்லை.

இந்த இரண்டு மணி நேரத்துக்குள் எப்படிச் சரியானது?

அவன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் கவிதா அந்தப் பக்கம் போய் ஜன்னல் வழியாக அவன் முகத்தருகே எட்டினாள். கிராம்பு வாசனை. அதற்கடியில், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பழக்கமான அந்த வாடை.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேன் நிறையப் பிள்ளைகள். டோல்கேட் தாண்டி விழுப்புரம் வரைக்கும் லாரிகளுக்கு நடுவில்தான் போயாக வேண்டும்.

அவள் புளியமரத்தடிக்கு ஒதுங்கி ஜெகதீசனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அவரு குடிச்சிருக்காருண்ணா. வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லுங்க. வேற ஆள அனுப்புங்க."

மறுமுனையில் ஜெகதீசன் கொஞ்சமும் பதறவில்லை.

"கை நடுங்கிக்கினு எப்படிம்மா வண்டி ஓட்டுவான்? வேற டிரைவரும் கெடைக்கல. அதான் தெனம் காலையில கொஞ்சமா நானே ஊத்திக் குடுக்கறேன். அளவாத்தான். நீ ஒண்ணும் பயப்படாத."

கவிதா போனை அணைத்தாள்.

நேராக வேனுக்குப் போய் ஜன்னல் வழியாகக் கைவிட்டுச் சாவியை உருவினாள். பிறகு கதவைத் திறந்து முதலில் மகளை இறக்கினாள். அடுத்து மற்ற பிள்ளைகளை, ஒவ்வொருவராக, கையைப் பிடித்து இறக்கிப் புளியமரத்தடியில் நிறுத்தினாள்.

பிள்ளைகளை ஏற்றிவிட்டுத் தெருமுனைக்குப் போய்விட்டிருந்த அம்மாக்கள் திரும்பி வந்தார்கள். பரீட்சை நாளில் இதென்ன கூத்து என்று ஒருத்தி கத்தினாள். புருஷன் பெண்டாட்டி சண்டையை வீட்டில் வைத்துக்கொள் என்றாள் இன்னொருத்தி.

எல்லோருக்கும் கேட்கும்படி கவிதா விஷயத்தைச் சொன்னாள். அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

பூவரசன் சீட்டைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. அவள் அருகில் வந்ததும், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"மொத நாளு நான் வேணான்னுதான் சொன்னேன், கவிதா."